எண்ணெய் ஊறிய கார்

அம்மாடி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ அதற்கு மேல் படிக்கமாட்டாய். சித்திரை மாதம் லீவுக்கு வந்த இடத்தில் அப்பாவோடு சண்டை போட்டு, தட்டில் வைத்த இட்லியை அப்படியே விட்டுவிட்டு மெட்ராசுக்குக் கிளம்பிப் போனவள் நீ. அன்றிலிருந்து போனில் நமக்குள் நடப்பது பேச்சா? "சாப்பிட்டேன்", "ஆபீஸ்ல வேலை", "வைக்கட்டுமா". அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று சொன்னால் அதுவும் கிடையாது. ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கதிரேசன் நம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். காரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தான். நீ சொல்லி வந்தானா, தானாக வந்தானா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். அவன் என்று எழுதுகிறேனே என்று முகத்தைத் தூக்காதே. மாப்பிள்ளை ஆனால் அவர் என்று மாற்றிக்கொள்கிறேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதப்போகிறேன். அதில் எனக்குப் பிடித்ததும் இருக்கிறது, என்னைப் பயமுறுத்தியதும் இருக்கிறது. முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அப்பா எதற்காக அவனை வேண்டாம் என்றார் என்பதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய். அவர்கள் சிவகாசியில் பிரஸ் வைத்து, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பெரிய இடம், நாம் விருதுநகரில் கார் ரிப்பேர் பார்க்கிறவர்கள், அந்தத் தாழ்வு மனப்பான்மைதான் அவருக்கு என்று என்னிடம் சொன்னாய். கொஞ்சம் அதுவும் இருக்கும், இல்லை என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்ன காரணம் வேறு. "அந்த மாதிரி வீட்ல ஒரு சாமான் மக்கர் பண்ணுச்சுன்னா அத வித்துட்டு வேற வாங்குவாக. ஒக்கிட்டு, சரி பண்ணி வச்சுக்கிற பழக்கம் கெடையாது. எம்புட்டு காரு பாத்திருக்கேன். எம்புள்ளைக்கு நாளைக்கு ஒரு நோவு நொடி வந்தா என்ன செய்வாக?" என்றார். "நான் என்ன காராப்பா?" என்று நீ கேட்டாய். சரியான கேள்விதான். குழம்பில் உப்பு கூடினால்கூட அதற்கு என்ஜினில் ஓர் உதாரணம் வைத்திருப்பவர் உன் அப்பா. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் எனக்கு அந்த உதாரணங்களில் நம்பிக்கை வரவில்லை. அதனால் நான் சொல்லப்போவதையும் உன் கல்யாணத்துக்கு உதாரணம் என்று எடுத்துக்கொள்ளாதே. நடந்தது ஒரு கார் விஷயத்தில், அவ்வளவுதான்.

ஆடி பிறந்திருந்தது. நான் முன்பக்கம் நம் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஜப்பான் கம்பெனியின் பெட்ரோல் கார், நம் பக்கத்தில் அதிகம் பார்க்க முடியாதது. இறங்கியவனைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. நீ காட்டிய போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. பின்பக்கம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் மனிதர் முகத்தில் ஒரு அசைவு இல்லை. "வாங்க சார்" என்றார். மீசை நரைத்த லாரி டிரைவரையே ஏலே என்று கூப்பிடுகிறவர், இவனைச் சார் என்றார். மரியாதை கொடுத்தே ஒருவனை வாசலில் நிறுத்திவைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவனுக்கும் புரிந்தது. காது சிவந்துபோயிற்று. ஆனாலும் உன் பேச்சை எடுக்காமல் காரின் கதையைச் சொன்னான்.

"ஊருக்குள்ள நல்லாத்தான் ஓடுதுங்க. மதுர ரோட்டுல ஒரு வண்டிய முந்தலாம்னு மிதிச்சா இழுக்க மாட்டேங்குது. மஞ்சள் லைட்டு ஒண்ணு எரியுது. போன வாரம் கள்ளிக்குடிகிட்ட ஒரு லாரிய முந்தப் போனேன். பாதியில வண்டி அப்படியே சோந்துபோச்சு. எதுக்க பஸ்ஸு வந்துருச்சு."

நான் சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இதை அவன் உன்னிடம் சொன்னானா? சொல்லியிருக்கமாட்டான் என்று இப்போது எனக்குத் தெரியும், அந்த விஷயத்துக்கும் வருகிறேன். மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினானாம். ஏதோ ஒரு பாகத்தை மாற்றிக் கொடுத்தார்கள், லைட் கொஞ்ச நாள் அணைந்திருந்துவிட்டுத் திரும்பவும் எரிந்தது, இனி என்ஜின் ஹெட்டையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் விற்றுவிடுங்கள் என்றார்களாம். வீட்டிலும் விற்கத்தான் சொல்கிறார்கள் என்றான். "நீங்க என்ன நெனைக்கீக சார்?" என்று அப்பா கேட்டார். "நான் வித்தா, வாங்குனவரும் கள்ளிக்குடிகிட்ட லாரிய முந்துவாருங்களே" என்றான். அப்பா பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

அந்த என்ஜினில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உன் அப்பா எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், நீயும் என்ஜினியர்தானே, படித்துக்கொள். எல்லா என்ஜினிலும் வால்வு திறந்து மூடும், காற்று உள்ளே போகும். இந்த என்ஜினில் மெதுவாகப் போகும்போது வால்வு கொஞ்சமாகத் தூக்கும். நன்றாக மிதித்து என்ஜின் வேகமாகச் சுற்ற ஆரம்பித்தால், எண்ணெயின் அழுத்தம் உள்ளே போய் ஒரு சின்ன பின்னைத் தள்ளும். அந்தப் பின் இடத்தில் உட்கார்ந்ததும், வால்வைத் தூக்குகிற முட்டுகளில் (கேம் என்பார்கள்) பெரியது வேலைக்கு வந்து வால்வை இன்னும் உயரமாகத் தூக்கும். காற்று அதிகம் போகும், கார் துள்ளிக்கொண்டு கிளம்பும். அந்த எண்ணெய் போகிற வழிக்குக் கதவு மாதிரி, கரண்ட்டில் வேலை செய்கிற ஒரு வால்வு பக்கவாட்டில் இருக்கிறது. எண்ணெய் வந்து சேர்ந்ததா என்று பார்க்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. வரவில்லை என்றால் காரின் கம்ப்யூட்டர் பயந்துபோய் வேகத்தை அடக்கிவிடும், மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும்.

டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன பிளக் உண்டு. அதில் ஒரு ஒயர்த் துண்டை வளைத்துச் செருகினால், அந்த மஞ்சள் விளக்கு நீளமாகவும் குட்டையாகவும் மின்னி, நோவு எங்கே என்று சொல்லும். அப்பா செருகிப் பார்த்தார். வால்வைத் தூக்குகிற எண்ணெய் வரவில்லை என்றுதான் மின்னியது. "மதுரையிலயும் இதத்தாங்க சொன்னாக" என்றான் கதிரேசன். அப்பா நிமிராமலே, "வரலைன்னு மட்டும்தான் சார் லைட்டு சொல்லும். ஏன் வரலைன்னு நாமதான் கேட்டுப் பாக்கணும்" என்றார். பிறகு ஆயில் மூடியைத் திறக்கச் சொன்னார். அவன் போய் ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவின் மூடியைத் திருகினான். "அது தண்ணி சார்" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது, சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டேன். அவனே சிரித்துவிட்டான். "எனக்கு பெட்ரோல் போடுற எடம் மட்டும்தாங்க தெரியும். ஆயிலு எங்கன ஊத்துவாக?" என்று கேட்டான். தெரியாததைத் தெரியாது என்று கேட்கிறவனை எனக்குப் பிடிக்கும். அந்த இடத்தில் அவனுக்கு என்னிடம் ஒரு மார்க் விழுந்தது.

எண்ணெய் அளவு குறைந்தால் இந்த நோவு வரும் என்று முதலில் அதைத்தான் அப்பா பார்த்தார். அளவுக் கம்பியை உருவினால் எண்ணெய் குறையவில்லை, கோட்டுக்கு மேலே நிற்கிறது. மதுரையில் அளவு பார்க்காமல் ஊற்றிவிட்டார்கள் என்று திட்டினார். ஒயர்களைச் சோதித்தார், நன்றாக இருந்தன. கரண்ட் வால்வைக் கழற்றி பாட்டரியில் தொட்டார், டக்கென்று அடித்தது, அதுவும் நன்றாக இருந்தது. அதற்கு அடியில் நகத்தளவில் ஒரு வலை, எண்ணெயை வடிகட்ட வைத்திருப்பது. அதில்தான் கோளாறு. வலை முழுக்க அல்வாப் பாத்திரத்தின் அடி மாதிரி பழுப்பாக அப்பியிருந்தது. எண்ணெய் எப்படிப் போகும்? பெட்ரோலில் ஊறப்போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. "நீங்க போயிட்டு நாளைக்கு வாங்க சார்" என்று அப்பா மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவன் போகவில்லை. வலையை வெளிச்சத்தில் பிடித்து, இன்னும் ஒரு ஓட்டை அடைத்திருக்கிறது என்று காட்டிக்கொண்டு நின்றான். நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான். நாள் முழுக்க இரண்டு ஆண்களும் ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள், உன் பெயரை இரண்டு பேரும் எடுக்கவில்லை. இரண்டு தலையையும் பிடித்து ஒன்றோடொன்று மோதினால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, என் கடையில் இருந்து சரியான எண்ணெயை எடுத்து அளவாக ஊற்றினார்கள். மறுநாள் ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது, இருக்கன்குடிக் கோயில் ஆத்தாளைப் பார்த்து நாளாயிற்று என்று சொல்லி நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். எனக்கு ஆத்தாளையும் பார்க்க வேண்டும், இவன் எப்படி ஓட்டுகிறான் என்றும் பார்க்க வேண்டும். சாத்தூர் ரோட்டில் முன்னால் ஒரு பட்டாசு லோடு லாரி போனது. ஹாரன் அடிக்காமல், ஒட்டாமல், தள்ளியே போனான். லாரி திரும்பிய பிறகு ரோடு காலியாக இருந்தது. "இப்ப அமுத்துங்க சார். பயப்படாம அமுத்துங்க" என்றார் அப்பா. அவன் மிதித்தான். முதலில் ஒரு மாதிரி சத்தம் வந்தது, அப்புறம் சத்தமே மாறி, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி கார் பாய்ந்தது. நான் முருகா என்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். "இவ்வளவு நாளும் இது உள்ளயே இருந்துச்சாங்க?" என்று கேட்டான். அப்பாவின் உதடு லேசாக விரிந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்கு ஆத்தாளிடம் உனக்காக வேண்டிக்கொண்டேன். எல்லாம் கூடி வருகிறது என்றுதான் நினைத்தேன்.

பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது, கார் திரும்பி வந்தது. மஞ்சள் விளக்கு எரிகிறது, ரோட்டில் இழுக்கவில்லை. இந்தத் தடவை அவனுடைய அப்பாவும் கூட வந்திருந்தார். பிரஸ் முதலாளி, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எதையாவது தடவிக்கொண்டே இருக்கிற கை. எல்லோருக்கும் போல நானும் அவரை அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். நல்ல மனிதர், வந்ததும் என்னிடம், "நல்லா இருக்கீகளா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தார். அப்பா வலையைக் கழற்றிப் பார்த்தார். மறுபடியும் அதே பழுப்புப் பசை. அளவுக் கம்பியை உருவினார். உருவியவர் அப்படியே நின்றுவிட்டார். தன் கையால் கோட்டுக்குச் சரியாக ஊற்றிய எண்ணெய், இப்போது கோட்டுக்கு மேலே நிற்கிறது. "எண்ணெயக் குடிக்கிற காரு பாத்திருக்கேன். எண்ணெய் ஊறுற காரு இப்பத்தான் பாக்கேன்" என்றார். அங்கே இருந்த டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கடையை விட்டு இறங்கி வந்து, கம்பியில் இருந்ததை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் லேபிள் வெட்டுகிற வேலை பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும். அந்த மெஷின் எண்ணெயின் வழவழப்பும் வாடையும் சேலையை எத்தனை துவைத்தாலும் போகாது. "இது பாதி என் கடை எண்ணெயே இல்ல. இது பிரஸ் மிஷினுக்கு விடுற எண்ணெய்" என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன் அம்மாடி. சொன்ன பிறகுதான் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். வேட்டி நுனியைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் கதிரேசன் முந்திக்கொண்டான். "நான்தாங்க ஊத்துனேன். என்ஜினுக்கு நல்லதுன்னு நெனச்சு, டெய்லி காலையில கொஞ்சம் ஊத்துனேன்" என்றான். டிரைவர்கள் மறுபடி சிரித்தார்கள். படித்த பையன் இப்படிச் செய்யலாமா என்று ஒருவர் புத்திமதி சொன்னார். அவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். அப்பா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மிஷின் எண்ணெய் நல்ல எண்ணெய்தான் சார், மிஷினுக்கு. என்ஜின் சூட்டுல அது காய்ஞ்சு பசையாப் போகும், அந்தப் பசைதான் வலைய அடைக்குது. அளவு கூடுனாலும் நொரைச்சுப்போய் அழுத்தம் நிக்காது. இனிமே ஊத்தாதீக" என்று மட்டும் சொன்னார். என்ஜினைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, சுவிட்ச் இருந்த இடத்தில் மீட்டரை மாட்டி அழுத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்து அனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "ஆயில் மூடி எங்கனன்னு தெரியாம தண்ணி டப்பாவத் தொறந்தவன், டெய்லி காலையில எண்ணெய் ஊத்துனானாம்ல. யார்ட்ட கதை விடுறான்?" என்றார். "அப்பாவுக்காகத்தானே சொன்னான். அம்புட்டு பேருக்கு முன்னால பெரியவர் தலை குனியக் கூடாதுன்னு சொன்னான். அது தப்பா?" என்று நான் கேட்டேன். "தப்புன்னு சொல்லல. முகத்துல ஒரு மாத்தமும் இல்லாம சொல்றாம் பாத்தியா, அதத்தான் சொல்றேன். இன்னிக்கு அப்பன் மனசு நோகக் கூடாதுன்னு மறைப்பான். நாளைக்கு நம்ம புள்ள மனசு நோகக் கூடாதுன்னு என்னென்ன மறைப்பான்? கள்ளிக்குடியில பஸ்ஸு வந்தத நம்ம புள்ளகிட்ட சொல்லியிருப்பாங்கிற?" என்றார். அதுவரைக்கும் அவர் வேண்டாம் என்றதற்கு ஒரு காரணமும் உருப்படியாக இல்லை என்று தைரியமாக இருந்தேன். இப்போது உருப்படியாக ஒரு காரணம் வந்துவிட்டது. அன்று இரவு சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ஏனென்றால் அப்படி ஒருவரோடு நான் வாழ்ந்து பார்த்தவள். நீ எட்டாவது படித்தபோது அப்பா ஒரு மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? வாயுப் பிடிப்பு என்றார். நான் பூண்டு வதக்கிக் கொடுத்தேன், தைலம் தேய்த்தேன், உருளைக்கிழங்கை நிறுத்தினேன். ஒரு நாள் எதிர்க் கடையில் டீ போடுகிறவர் என்னைக் கூப்பிட்டு, "ஜாக்கி நழுவி காரு விழுந்துச்சே, அண்ணனுக்கு இடுப்பு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். தெருவுக்கே தெரிந்திருக்கிறது, தைலம் தேய்த்த எனக்குத் தெரியவில்லை. நான் பயந்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம். அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்தில் படுத்திருக்கிறவளை முட்டாளாக்கி வைக்கிற அன்பு அது. அன்றைக்கு எனக்கு வந்த அழுகை அவர் இடுப்புக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

கத்தித் தீர்த்தேன். கத்தினதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. மறைக்கிறவர்களிடம் கத்தினால் இன்னும் நன்றாக மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். அதற்கப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். தினமும் சாப்பாடு போடும்போது, "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் வரைக்கும் ரசத்தை ஊற்றமாட்டேன். ரசத்துக்காகவாவது ஏதாவது சொல்வார். அப்படித்தான் ஒவ்வொன்றாக வெளியே வரப் பழகியது. சொன்னதற்கு ஒரு தடவைகூட நான் ஒப்பாரி வைக்கவில்லை, அதையும் கவனித்துக்கொள். சொன்னால் இவள் தாங்குவாள் என்ற நம்பிக்கை வந்தால்தான் சொல்வார்கள். நீயும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு வருஷம் அவனைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தவள்தானே. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மனசு நோகாமல் மறைத்துக்கொண்டே இருந்தால் அந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும்? இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

இதற்கு மேல்தான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்கு முன்னால் அண்ணாச்சி வந்து நின்றார். கார் இல்லை, பையன் இல்லை, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார், சட்டையெல்லாம் வேர்வை. கதிரேசனுக்குத் தெரியாமல் வந்தாராம். அப்பாவைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவரிடம் அண்ணாச்சி உட்காரக்கூட இல்லை, நின்றபடியே பேசினார்.

"எண்ணெய் ஊத்துனது நான்தான். பிரஸ்ல பழைய மிஷினு இருந்தப்ப, காலையில வெளக்கப் பொருத்தி, எண்ணெய்க் கேனோட மிஷினச் சுத்தி வருவேன். நான் எண்ணெய் விடாம ஒரு நா ஓட்டுனது கெடையாது. இப்ப பயலுக புது மிஷின் போட்டுட்டாக. அது தன்னால எண்ணெய் விட்டுக்கிடுது. எனக்கு விடிஞ்சா கை சும்மா இருக்க மாட்டேங்குது. வாசக்கேட்டு கீலுக்கு விட்டேன், தையல் மிஷினுக்கு விட்டேன், அப்பறம் காருக்கு விட்டேன். நல்லதுன்னு நெனச்சேன். எம்மவன் கள்ளிக்குடியில சாகப் பாத்ததுக்கு நான்தான் காரணம்னு அன்னிக்கு இங்கன வச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சது. கள்ளிக்குடி விசயத்தையே வீட்ல சொல்லல அவன். ஒங்க ஒர்க்‌ஷாப்புல டிரைவருக பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. தன் கையாலேயே மகனுக்கு அப்படி ஆக இருந்தது என்று தெரிந்த ஒரு தகப்பன் அந்த இரண்டு வாரம் எப்படிச் சாப்பிட்டிருப்பார், எப்படித் தூங்கியிருப்பார். அப்பா குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்.

"ஒங்க பொண்ண எங்க வீட்டுக்குக் கேக்கத்தான் வந்தேன். பொண்ணு கேக்க வர்றவுக பையனப் பத்திப் பெருமையாச் சொல்லணும். நான் கொறையச் சொல்லிட்டுக் கேக்கேன். அவன் சின்னதுலருந்தே அப்படித்தான். அவுக அம்மா சீக்கா கெடந்தப்ப, பள்ளிக்கூடத்துல கை ஒடிஞ்சு வந்து, சும்மா சுளுக்குன்னு சொல்லிட்டு எங்கிட்டயே மறைச்சவன். எனக்காக அன்னிக்கு அவன் சொன்ன பொய்ய நான் அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன். அத விட்டுட்டு ஒங்ககிட்ட பொண்ணு கேட்டா நல்லா இருக்காதுல்ல. அதுக்குத்தான் ஒத்தையில வந்தேன்."

அப்பா காலி டம்ளரை வாங்கி வைத்தார். "அண்ணாச்சி, அவரு பொய் சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியும். அதுனாலதான் இன்னும் வேணாம்னு இருந்தேன்" என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டார், எழுந்திருக்கப் பார்த்தார். "இருங்க அண்ணாச்சி. அது அன்னிக்கு. இன்னிக்கு நீங்க வந்துட்டீகளே" என்றார் அப்பா. "பிள்ளைகிட்ட கேக்கணும். அவ மெட்ராசுல இருக்கா" என்றார். சித்திரைக்கு அப்புறம் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வேற்று ஆளிடம் வந்த முதல் பேச்சு அது. கதிரேசன் பொய் சொல்வதைப் பற்றி எனக்கு இருந்த பயம் முழுக்கப் போய்விடவில்லை, அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். ஆனால் மகன் சொன்ன பொய்யை நிற்க விடாமல் டவுன் பஸ்ஸில் ஏறி வருகிற ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார். அவருக்குப் பிறகு அந்த வேலையை நீ செய்ய வேண்டியிருக்கும். உன்னால் முடியுமா என்று நீதான் யோசிக்க வேண்டும், நானோ அப்பாவோ உனக்காக யோசிக்க முடியாது. முடியாது என்றால் அதையும் சொல், உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம்.

அண்ணாச்சியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பா, கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவளுக்கு ஒரு லெட்டர் போடு" என்றார். போனில் பேசினால் என்ன என்று கேட்டேன். "போன்ல பேசுனா பாதியில வச்சிருவா. எழுது. பையன் நல்லவன்னு எழுது. கள்ளிக்குடியில சாகப் பாத்தத மறைச்சான்னும் எழுது. எங்கிட்ட பொய் சொன்னான்னும் எழுது. நமக்குப் புடிச்சத மட்டும் எழுதிராத. எல்லாம் தெரிஞ்சு அவ சரின்னு சொல்லட்டும்" என்றார்.

"சரின்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"நான் ஸ்டேஷன்ல போய் நிக்கேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு சொல்லை நீ எதிர்பார்க்காதே, எனக்கே கிடைத்ததில்லை. எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று மட்டும் எனக்குச் சொல். நான் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மா